வந்தேன் என்பதன் கடைசி ‘ன்’

போன வருடம் மழை தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், நான் படித்து அனுப்பிய ஒலிநூலின் ஆறு அத்தியாயங்கள் திரும்பி வந்தன. உச்சரிப்பில் குறை சொல்லவில்லை, உணர்ச்சியில் குறை சொல்லவில்லை. “வாக்கியங்களுக்கு நடுவே இரைச்சல் கேட்கிறது, சரிசெய்து அனுப்புங்கள்” என்று ஒரே வரி. ஆறு அத்தியாயம் என்பது வெட்டி ஒட்டி முடித்த ஆடியோவாக மூன்றரை மணி நேரம். அதைப் படிக்க எனக்கு ஒன்பது இரவுகள் ஆகியிருந்தன.

நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம், மூன்றாவது மாடி. பதினாறு வருடமாகக் குரல் கொடுக்கிறேன். முதல் பத்து வருடம் எல்லாம் அந்தேரி ஸ்டூடியோக்களில்தான். சோப்பு, பிஸ்கட், இன்சூரன்ஸ் என்று இந்தியில் எழுதிய விளம்பரத்தைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஒரே நாளில் வரிசையாகப் பேசி முடிப்பார்கள். இருபது நொடி வேலைக்குப் போக வர மூன்று மணி நேரம் ஆகும். வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கியது அதனால்தான். சின்னப் படுக்கையறையின் மூலையில், புடவை அலமாரியை ஒட்டி ஒரு மேசை. ஷூர் எஸ்எம்7பி மைக், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும், இரண்டு மைக் செருகும் பழைய ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று, லேப்டாப். அவ்வளவுதான் என் ஸ்டூடியோ.

அத்தியாயங்கள் திரும்பி வந்த அன்று ராத்திரியே முடிவு கட்டிவிட்டேன்: ப்ரீஆம்ப், அதாவது இன்டர்பேஸுக்குள் மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சுற்று, சரியில்லை. அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. எஸ்எம்7பி டைனமிக் மைக். அதிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகக் குறைவு; ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட்தான். குறைந்தது 60 டெசிபெல் கெயின், அதாவது பெருக்கம், வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. என் இன்டர்பேஸில் அதிகபட்சமே 56. கெயின் குமிழை முழுக்கத் திருகி வைத்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்று எப்போதும் ஒரு சத்தம் இருக்கும். நல்ல ப்ரீஆம்ப் ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, எது வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

அந்தேரியில் என்னை நிறைய நாள் பதிவு செய்த சவுண்ட் இன்ஜினியர் தம்பி ஒருவர் இருக்கிறார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர், கை தேர்ந்த வேலைக்காரர். அவருக்கு போன் போட்டு, “தம்பி, ஐம்பதாயிரம் வரைக்கும் போகலாம், எந்த ப்ரீஆம்ப் நல்லது?” என்று கேட்டேன். அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. “அக்கா, காசு போடறதுக்கு முன்னாடி திருடன் யாருன்னு பாருங்க. லேமிங்டன் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில 150 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்குங்க. மைக் கேபிள் முனையில இருக்குமே, அந்த எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக் ஒண்ணு வாங்குங்க. பின் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல அதை சால்டர் பண்ணி, மைக்குக்குப் பதிலா அதைச் செருகி ரெக்கார்ட் பண்ணுங்க” என்றார்.

இந்தச் சின்ன விஷயத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவே. ஒரு டைனமிக் மைக்கை மின்சாரக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 150 ஓம் மின்தடை. அதனால் ரெசிஸ்டரைச் செருகியதும் ப்ரீஆம்ப் ‘மைக் இருக்கிறது’ என்றே நினைத்துக்கொள்ளும். ஆனால் ரெசிஸ்டருக்குக் காது கிடையாது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், ரயில் எதுவும் அதற்குக் கேட்காது. ஆக, பதிவில் விழும் இரைச்சல் முழுவதும் மின்சுற்றின் இரைச்சல். பிறகு அதே கெயினில் மைக்கைச் செருகி, வாய் திறக்காமல் ஒரு நிமிடம் பதிவு செய்தால், மின்சுற்றின் இரைச்சலும் அறையின் இரைச்சலும் சேர்ந்து வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேண்டம் பவரை மட்டும் அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கிராண்ட் ரோடில் இறங்கி நடந்து போய் இரண்டையும் வாங்கி வந்தேன். ரெசிஸ்டரின் விலை சில்லறைக் காசு. பிளக்கின் மூடியைக் கழற்றி, அரிசி மணி பருமனில் இருந்த அந்த ரெசிஸ்டரின் இரண்டு கம்பிகளையும் குறடால் வளைத்து, பின்னில் வைத்துப் பற்ற வைத்தேன். முதல் தடவை ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. இரண்டாவது தடவை பின்னை நன்றாகச் சூடாக்கிய பிறகு வைத்தேன், பளபளவென்று பிடித்துக்கொண்டது.

என் கணக்கு இப்படி வந்தது. (பதிவில் 0தான் உச்சம்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் குறைவு.) என் குரல் சராசரியாக மைனஸ் 20 டெசிபெலில் நிற்கும்படி கெயின் வைத்திருந்தேன். அந்தக் கெயினில் ரெசிஸ்டர் மட்டும் மைனஸ் 71. மைக்கைச் செருகி அறையின் அமைதியைப் பதிந்தால் மைனஸ் 54.

பதினேழு டெசிபெல் வித்தியாசம்! ஐம்பதாயிரம் போட்டு உலகத்திலேயே சிறந்த ப்ரீஆம்பை வாங்கியிருந்தாலும் அந்த மைனஸ் 54 அப்படியேதான் இருந்திருக்கும். ஒலிநூலுக்குப் பலரும் அளவுகோலாக வைத்திருப்பது ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் தளத்தின் விதி: சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் நடுவே, உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது, இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே. என் வாடிக்கையாளர் கேட்டதும் அதுவேதான். நான் ஆறு டெசிபெல் தள்ளி நின்றிருக்கிறேன், அதற்கு முழுக் காரணம் அறை.

அப்புறம் ஒரு மாதம் ப்ரீஆம்ப் பேச்சையே எடுக்கவில்லை. ஃபிரிட்ஜ் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பதிவின்போது அதை அணைத்துவிட்டு, மறுபடி போட மறக்காமல் இருக்க வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிடுவேன். பழைய பஞ்சு மெத்தை இரண்டைப் பிரித்துத் திரும்ப அடித்துத் தைக்கச் சொல்லி, மைக்குக்குப் பின்னாலும் எனக்குப் பின்னாலும் தொங்கவிட்டேன். ஜன்னல் இடுக்கில் ரப்பர் பட்டை. லேப்டாப்பை மேசையிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். சார்ஜரைப் பிடுங்கியதும் அதுவரை நான் கவனித்தே இராத ஒரு ‘ஙொய்’ நின்றது. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் போட்ட சத்தம். பழைய கட்டடங்களில் எர்த் சரியாக இல்லாவிட்டால் இது வரும். நேரத்தையும் மாற்றிக்கொண்டேன். ஹார்பர் லைனில் கடைசி லோக்கல் போன பிறகு, விடியற்காலை முதல் லோக்கல் வருவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த இடைவெளிதான் என் வேலை நேரம். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படிப்பது உடம்பைப் பிழிந்துவிடும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்துவிடுவேன்.

அறை இறங்கி இறங்கி, மொத்த இரைச்சல் மைனஸ் 67க்கு வந்தது. விதிப்படி பாஸ். ஆனாலும் காதுக்கு அந்த ‘ஸ்ஸ்’ இன்னும் கேட்டது, முன்னைவிடத் தெளிவாகவே கேட்டது. அறையில் மிச்சமிருந்த சத்தம் பெரும்பாலும் கீழ்ஸ்தாயி: தூரத்து லாரி, தண்ணீர் மோட்டார், கட்டடத்தின் உறுமல். 80 ஹெர்ட்ஸில் லோ கட், அதாவது அதற்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டும் வடிகட்டி, போட்டால் அதில் நிறையப் போய்விடும், என் குரலுக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ப்ரீஆம்பின் இரைச்சல் அப்படியில்லை. அது நாம் ‘ச’, ‘ஸ’ உச்சரிக்கும் உயரம் வரை பரவி உட்கார்ந்திருக்கிறது, லோ கட் அதைத் தொடவே தொடாது. லோ கட் போட்டுப் பார்த்தேன், மைனஸ் 70க்குக் கீழே இறங்கவில்லை. இதன் மேல் கம்ப்ரஷன் போட்டால் மெல்லிய இடங்கள் எல்லாம் தூக்கிக் கொடுக்கப்படும், இரைச்சலும் கூடவே எழும். இப்போதுதான் ப்ரீஆம்ப் உண்மையிலேயே திருடன்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எந்த மின்தடையிலும் அறை வெப்பத்தினாலேயே எலெக்ட்ரான்கள் அலைந்துகொண்டிருக்கும், அந்த அலைச்சலும் ஒரு இரைச்சல்தான். 150 ஓமுக்கு, நாம் கேட்கும் அலைவரிசை முழுவதற்கும் அது ஏறக்குறைய மைனஸ் 131 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபெலில் சொல்லும் அலகு). இயற்கை போட்ட கோடு, காசு கொடுத்துத் தாண்ட முடியாது. ப்ரீஆம்ப் விவரத்தாளில் ஈஐஎன் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். ப்ரீஆம்பின் இரைச்சலை அதன் உள்ளீட்டில் இருப்பதாகக் கணக்கிட்ட அளவு அது. நல்லவை மைனஸ் 126 முதல் 129 வரை இருக்கும். காதுக்கேற்ப எடை போட்டு அளந்த எண் என்றால் இன்னும் கொஞ்சம் அழகாகத் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, மைனஸ் 128 உள்ள ஒன்றைவிட எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் உங்களுக்குக் கிடைப்பது மூன்று டெசிபெல்லுக்குள்தான். இரைச்சலைக் குறைக்க மட்டும் விலை உயர்ந்த ப்ரீஆம்ப் வாங்காதீர்கள். அதன் குணம் பிடித்திருந்தால் வாங்குங்கள், அது நியாயம்.

என்னுடையது பழைய பொருள். என் அளவுகளை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால் முழுக் கெயினில் மைனஸ் 118 பக்கம் வந்தது. பத்து டெசிபெல் குறைக்க இடம் இருக்கிறது.

மூன்று வழிகள் கிடைத்தன, மூன்றையும் வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். ஒரே பத்தி, ஒரே மைக், வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி, ஒரே ராத்திரி.

முதலாவது, தெரிந்த தோழியிடம் கடன் வாங்கிய சேனல் ஸ்ட்ரிப். ப்ரீஆம்ப், கம்ப்ரஸர், ‘ஸ’ சீறலைக் குறைக்கும் டீஎஸ்ஸர், மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் கேட் எல்லாம் ஒரே பெட்டியில். பதிவு முடிந்ததும் கேட்க ரேடியோ மாதிரி வழவழவென்று இருந்தது, வாக்கியங்களுக்கு நடுவே மயான அமைதி. நான் கிட்டத்தட்ட மயங்கிவிட்டேன். மறுநாள் காலையில் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, திருநெல்வேலிப் பக்கம். கண் பார்வை மங்கிவிட்டதால் இரண்டு வருடமாகப் புத்தகங்களைக் கேட்டுத்தான் படிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் ரெண்டு நிமிடத்தில், “ஏம்மா, ‘வந்தே’ன்னு முழுங்குத? ‘மரோ’ங்க, ‘அவ’ங்க. பல்லு வலியா?” என்றார்.

ஹெட்போனைப் போட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. ‘வந்தேன்’ என்பதில் ‘தே’ உரக்க விழுகிறது, ‘ன்’ மூக்கில் மெல்லக் கரைந்து கால் நொடிக்குள் இறங்கிப் போகிறது. சத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் கேட் கதவை மூடிவிடும். அதற்கு இரைச்சலும் ஒன்று, கரையும் ‘ன்’னும் ஒன்று. தமிழில் எவ்வளவு சொற்கள் ம், ன், ள், ல், ர் என்று முடிகின்றன என்று அன்றைக்குத்தான் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணினேன். வினைமுற்றுகளில் யார் செய்தது என்பதே அந்தக் கடைசி எழுத்தில்தான் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார்: அதைத் தின்றுவிட்டால் கதை எங்கே நிற்கும்? கேட்டின் அளவைத் தளர்த்தினால் ‘ன்’ திரும்பி வருகிறது, கூடவே இரைச்சலும் வருகிறது. மற்ற மொழிக்காரர்களுக்கு எப்படியோ, தமிழ் ஒலிநூல் படிப்பவர்கள் பதிவின்போது கேட் போடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பதிவில் போனது போனதுதான், பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

இரண்டாவது, ஸ்டூடியோ தம்பி இரண்டு நாளைக்குக் கொடுத்த ஃபோகஸ்ரைட் ஐஎஸ்ஏ ஒன் என்ற தனி ப்ரீஆம்ப். பிரிட்டிஷ் ஒலிக்கருவி வடிவமைப்பாளர் ரூபர்ட் நீவ் 1985இல் தொடங்கிய கம்பெனி ஃபோகஸ்ரைட். 1970இல் வந்த, இன்றும் எல்லோரும் நகலெடுக்கும் 1073 ப்ரீஆம்பை வடிவமைத்தவரும் அவர்தான். இந்தப் பெட்டியின் வம்சம் அவர் அந்த எண்பதுகளில் வடிவமைத்த ஐஎஸ்ஏ 110இலிருந்து வருகிறது, உள்ளே லுண்டால் ட்ரான்ஸ்ஃபார்மர். கெயின் 80 டெசிபெல் வரை, எஸ்எம்7பிக்குத் தாராளம். இம்பீடன்ஸை, அதாவது ப்ரீஆம்ப் மைக்குக்குக் காட்டும் மின்தடையை, நாலு நிலைகளில் மாற்றலாம். 600 ஓமில் வைத்தால் என் குரல் கொஞ்சம் தாழ்ந்து மேல்பக்கம் மங்குகிறது, 6,800இல் வைத்தால் திறந்துகொள்கிறது. வேறுபாடு சின்னதுதான், ஆனால் கேட்கிறது. இதில் பதிந்த குரலில் ஒரு கனம் இருந்தது, அடிவயிற்றிலிருந்து பேசுகிற மாதிரி. ‘ழ’ சொல்லும்போது நாக்கு மடங்கி எழும் அந்த வழுக்கல் முழுசாக விழுந்தது. அழகான பொருள். திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

மூன்றாவது, ட்ரைட்டன் ஆடியோவின் ஃபெட்ஹெட். விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் குழாய், மைக்கின் பின்னாலேயே செருகிவிடலாம். ஃபேண்டம் பவரின் 48 வோல்ட்டை எடுத்துக்கொண்டு 27 டெசிபெல் தூக்கிக் கொடுக்கும். இதே குலத்தில் கிளவுட்லிஃப்டர், கிளார்க் டெக்னிக் சிடி1 எல்லாம் உண்டு, அவை 25. சங்கிலியில் முதலில் வரும் பெருக்கிதான் மொத்த இரைச்சலைத் தீர்மானிக்கும். முதல் கட்டம் சுத்தமாக 27 தூக்கிவிட்டால், பின்னால் இருக்கும் பழைய இன்டர்பேஸின் இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. 27 என்ற எண்ணுக்கு ஒரு சுவாரஸ்யமும் உண்டு. விளம்பரக் குரல்களுக்குப் பெயர் போன சென்ஹைசர் எம்கேஎச் 416 ஒரு பாஸ்கலுக்கு 25 மில்லிவோல்ட் தருகிறது. எஸ்எம்7பியின் 1.12ஓடு ஒப்பிட்டால் வித்தியாசம் சரியாக 27 டெசிபெல். இந்தக் குழாயைச் செருகினால் என் மைக்கும் அதே பலத்தில் பேசும்.

லோ கட் போட்டு அளந்தேன்: மைனஸ் 74. ஐஎஸ்ஏ ஒன்னிலும் அதே மைனஸ் 74தான், ஏனென்றால் இப்போது மிச்சம் இருப்பது மீண்டும் அறை. இரைச்சலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் என் வீட்டில் பேதமே இல்லை. குரலின் குணத்தில் பேதம் உண்டு. அத்தையிடம் எது எது என்று சொல்லாமல் இரண்டையும் போட்டேன். “ரெண்டுமே தெளிவாத்தான் இருக்கு. இதுல கொஞ்சம் கூடக் கனமா பேசுத, அதுல நீ நீயா இருக்க” என்றார். கனம் ஐஎஸ்ஏ ஒன்னில். பத்து மணி நேரம் ஒருவர் காதில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டிய வேலைக்கு நான் நானாக இருப்பது போதும் என்று ஃபெட்ஹெட்டை வாங்கினேன். முழுக்கத் திருகியிருந்த கெயின் குமிழ் இப்போது பாதியைத் தாண்டுவதில்லை.

நிறையப் பேர் கேட்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது கண்டென்சர் மைக், அதாவது டைனமிக்கைவிட வலுவான சிக்னல் தரும் வகை, என்றால் இந்தக் குழாய் தேவையே இல்லை. ரோட் என்டி1 மாதிரி ஒன்றுக்கு எந்தச் சாதாரண இன்டர்பேஸின் கெயினும் போதும். சாதாரண ஃபெட்ஹெட்டும் கிளவுட்லிஃப்டரும் 48 வோல்ட்டை மைக்குக்கு அனுப்பவும் மாட்டா. ‘டைனமிக் மைக் அறைச் சத்தத்தைக் கேட்காது’ என்று சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள். அதை நாம் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறோம், அதனால் குரல் உரக்கவும் அறை சன்னமாகவும் விழுகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். தூரத்தைப் பாதியாக்கினால் ஆறு டெசிபெல் கூடும், ஒரு பைசா செலவில்லை, இரைச்சலும் இல்லை. ‘ப’ வெடிக்காமல் இருக்க மைக்கைக் கன்னத்தின் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் மும்பை மழைக்கு இன்னொன்று: பல கண்டென்சர்கள் ஈரத்தில் படபடவென்று பொரியும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். 416 ரேடியோ அலைவரிசை முறையில் இயங்குவதால் ஈரத்தை நன்றாகத் தாங்கும், ஒரு நாள் வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஆறு அத்தியாயங்களையும் முதலிலிருந்து படித்தேன். இந்தத் தடவை ஏழு இரவுகள். அனுப்புவதற்கு முன் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன், ஸ்பீக்கரில் இல்லை, ஹெட்போனில். ஆறாவது அத்தியாயம் ‘வந்தேன்’ என்ற சொல்லில்தான் முடிகிறது. அவர் தலையசைக்கிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்து மூன்று நொடி கழித்து ஹெட்போனைக் கழற்றாமலே, “சரி, ஏழாவதைப் போடு” என்றார். ஏழாவது இன்னும் படிக்கவில்லை, அன்றைக்கு ராத்திரிதான் உட்கார்ந்தேன்.